ஏழு பி ஃபியூஸ் கட்டை

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. காட்டன் சேலை, கையில் டிபன் பை, பெயர் ஜெசிந்தா. எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவர். சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயர் வெயிலுமுத்து. வரலாறும் புவியியலும் எடுத்து எடுத்துத் தொண்டை கட்டிப்போன மனிதர். நான் தமிழ் எடுக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் நாற்காலி. அதனால் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் எனக்கு வராது.

மாசி முடிகிற சமயம். ஏழாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுத்த மிஸ் பிரசவத்துக்குப் போய்விட்டார். வேறு ஆள் போடுவார்கள் என்று பார்த்தால், தாளாளர் வெயிலுமுத்து சாரைக் கூப்பிட்டு, ஏழாம் கிளாஸ் சயின்ஸ்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். போர்களையும் பருவக்காற்றையும் நடத்திக்கொண்டிருந்த மனிதர் கையில் மின்னியல் பாடத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? கத்துவார். கத்தினார். ஆனால் தாளாளர் அறையில் கத்தவில்லை. அங்கே சரிங்க சார் என்று தலையை ஆட்டிவிட்டு, இங்கே வந்து எங்கள் காது கிழியக் கத்தினார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கத்தி முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜெசிந்தாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"மிஸ், எனக்குக் கரண்டுன்னா சுவிட்சைத் தட்டுனா வரும், அம்புட்டுத்தான் தெரியும். சொல்லிக் குடுங்க."

அந்த வயதில், அந்தக் குரலோடு, தன்னைவிடச் சின்னவர் முன்னால் ஒருவர் தெரியாது என்று சொல்வது சாதாரணம் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜெசிந்தா புத்தகத்தைத் திறக்கவில்லை. லேபிலிருந்து ஒரு டார்ச் செல், ஒரு குட்டி பல்பு, இரண்டு துண்டு ஒயர் கொண்டுவந்து மேஜையில் வைத்து, எரியவையுங்கள் என்றார்.

சார் ஒரு ஒயரை எடுத்தார். செல்லின் தலையில் ஒரு முனை, பல்பின் அடியில் ஒரு முனை. எரியவில்லை. அழுத்திப் பிடித்தார். செல் தீர்ந்துபோச்சு என்றார். ஜெசிந்தா வேறு செல் கொடுத்தார். பல்பு ஃபியூஸ் என்றார். வேறு பல்பு கொடுத்தார். அதுவும் எரியாமல் போகவே, இந்தப் பள்ளிக்கூடத்தில் உருப்படியான சாமான் ஒன்றாவது இருக்கிறதா என்று பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த எனக்கு எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் போட்டேன் என்பதே மறந்துவிட்டது.

ஜெசிந்தா இரண்டாவது ஒயரை அவர் பக்கம் தள்ளினார்.

"இது எதுக்கு? கரண்டு இந்த வழியாப் போகுது, பல்புல எரிஞ்சிருது. அதுக்குப் பெறகு திரும்பி வர என்ன இருக்கு?"

"வெச்சுப் பாருங்க சார்."

பல்பின் பக்கவாட்டிலிருந்து செல்லின் அடிக்கு இரண்டாவது ஒயரை வைத்தார். பல்பு எரிந்தது. அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்துப் பெரிய முகம் சிரித்தது. உடனே கையை எடுத்தார். அணைந்தது. வைத்தார். எரிந்தது. எடுத்தார், வைத்தார். சின்னப் பிள்ளை மாதிரிதான் இருந்தது.

"ஏன் மிஸ்?"

"திரும்பி வர வழி இல்லேன்னா, அது கிளம்பவே கிளம்பாது சார்."

அவருக்குத் திருப்தி இல்லை. அப்படியானால் பல்பு எதைத் தின்கிறது என்று கேட்டார். ஜெசிந்தா லேபுக்குப் போய் இரண்டு அம்மீட்டர் எடுத்து வந்தார். கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று முள் காட்டுகிற கருவி. பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டினார். சார் மூக்கு முட்டக் குனிந்து இரண்டையும் பார்த்தார். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. ஒன்று பொய் சொல்லுகிறது என்றார். ஜெசிந்தா இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். அப்போதும் அதே இடம்.

பல்பு கரண்டைத் தின்பதில்லை, போன அளவு அப்படியே திரும்பி வருகிறது, செல்லுக்குள் இருக்கிற தெம்புதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று ஜெசிந்தா சொன்னதை, சார் மறுநாள் ஏழு பி-யில் நின்று சொன்னார். எப்படிச் சொன்னார் என்கிறீர்கள்? சண்டைக்குப் போகிறவர் மாதிரி சொன்னார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அந்த வாரம் முழுக்க ஏழு பி பிள்ளைகள் செல்லும் பல்புமாகத்தான் அலைந்தார்கள்.

இனி அந்த ஏழு பி கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அது பழைய கட்டடம். சுவர் முழுக்கப் பழைய மெல்லிய ஒயர். நாலு வகுப்பறையின் ஃபேனும் விளக்கும் அந்த ஒயரில்தான் ஓடுகின்றன. பிரேயர் நேரத்தில் மைக் பெட்டிக்கும் ஏழு பி-யிலிருந்துதான் கரண்ட் எடுப்பார்கள். இதற்கு நடுவில் தாளாளர் தன் அறைக்கு ஏசி வாங்கினார். புது ஒயர் இழுக்க வேண்டும் என்றார்கள். இழுக்கவில்லை. அவர் அறை பக்கத்துச் சுவர்தானே என்று அந்த ஏசியையும் இதே ஒயரில் கோத்துவிட்டார்கள்.

மத்தியானம் ஏசி ஓட ஆரம்பித்ததும் ஃபியூஸ் போகும். நாலு வகுப்புப் பிள்ளைகளும் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருப்பார்கள். தாளாளரின் டிரைவர் வந்து, வராண்டாவில் இருக்கிற ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, அந்த வெள்ளைப் பீங்கானில் புதிதாக ஃபியூஸ் கம்பி சுற்றி மாட்டிவிட்டுப் போவார். மறுநாளும் போகும். ஒரு நாள் தாளாளர் வராண்டாவில் நின்றுகொண்டு, இனி இது போகக் கூடாது, என்ன செய்வாயோ செய் என்றார். டிரைவர் தலைமுடி மாதிரி இருந்த கம்பியை எடுத்துவிட்டு, பருத்த செம்புக் கம்பியாக முறுக்கிச் சுற்றி மாட்டினார்.

அன்றிலிருந்து ஃபியூஸ் போகவே இல்லை. தாளாளர் டிரைவரைத் தட்டிக்கொடுத்தார். ஃபேன் ஓடுகிறதே என்று பிள்ளைகளுக்குச் சந்தோஷம். வெயிலுமுத்து சாருக்கும் சந்தோஷம்.

அவருக்குச் சந்தோஷம் என்பதால்தான் அடுத்த பாடத்தில் இந்தக் கேள்வி வந்தது. ஃபியூஸ் கம்பி மெல்லியதாக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, அது என்ன கிறுக்குத்தனம் என்று கேட்டார்.

"மெல்லிசாப் போட்டா அத்துப் போகும்னு தெரியுதுல்லா? தடிமனாப் போட்டா சோலி முடிஞ்சுது. நம்ம டிரைவருக்குத் தெரிஞ்சது இந்தப் புஸ்தகம் எழுதுனவனுக்குத் தெரியலையே."

ஜெசிந்தா டிபன் பையிலிருந்து, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை எடுத்தார். அதில் ஒரே ஒரு இழையைப் பிரித்தார். நாலு பெரிய செல்லை வரிசையாக வைத்து, மெல்லிய ஒயரில் கோத்து, நடுவில் அந்த இழையைக் கட்டினார். பல்பு இல்லாமல் நேராக இரண்டு முனையையும் சேர்த்தார். இழை சிவந்து, படக்கென்று அறுந்து, சாம்பலாக மேஜையில் விழுந்தது.

"போச்சா?" என்றார் சார், வெற்றியோடு.

"போச்சு சார். இப்ப நீங்க தடிமனாப் போடுங்க."

சார் ஒரு செம்புக் கம்பியை எடுத்து இழை இருந்த இடத்தில் முறுக்கினார். நன்றாக இறுக்கி முறுக்கினார். முனைகளைச் சேர்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கம்பி கல்லு மாதிரி இருந்தது.

"பாருங்க. போகுதா? போகலையே."

"போகலை சார். அந்த ஒயரைப் பிடிங்க."

பிடித்தார். ஐயோ என்று உதறினார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. இரண்டு விரலைச் சப்பிக்கொண்டு, தெரிந்தே சுட வைக்கிறீர்களே, நீங்களெல்லாம் ஒரு டீச்சரா என்று வாய்க்கு வந்தபடி பேசினார். ஜெசிந்தா அதற்குள் ஒயரைப் பிரித்துவிட்டார். பிரித்த ஒயரின் பச்சைத் தோல் சில இடங்களில் இளகியிருந்தது.

"இப்ப எது சார் ஃபியூஸ்?"

சார் வாயிலிருந்து விரலை எடுத்தார். பருத்த கம்பியைப் பார்த்தார். இளகிய ஒயரைப் பார்த்தார். எழுந்து போய் வராண்டாவில் தொங்குகிற ஃபியூஸ் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

மறுநாள் மத்தியானம் ஏழு பி-யில், மெல்லிய ஃபியூஸ் கம்பி அறுந்துபோய்த்தான் ஒயரைக் காப்பாற்றுகிறது என்று அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே முப்புடாதி என்கிற பிள்ளை உட்காரும். ஒல்லிப்பிச்சான், பேசவே பேசாது. அது எழுந்து, சார் இங்கே கருகுன வாடை அடிக்குது என்றது.

சார் பக்கத்தில் போனார். ஸ்விட்ச் போர்டின் ஒரு ஓரம் பழுப்பாகியிருந்தது. மேலே ஒயர் போகிற பிளாஸ்டிக் குழாயில் கையை வைத்தார். நேற்றுச் சுட்ட அதே விரல் மறுபடியும் சுட்டது.

அவர் பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பினார். மற்ற மூன்று வகுப்பையும் அனுப்பினார். எல்லாம் நிதானமாகத்தான் செய்தார். பிறகு தாளாளர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். உள்ளே அடுத்த வருஷ அட்மிஷனுக்கு வந்த பெற்றோர்கள் ஏசிக் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். சார் நேராகப் போய் ஏசியின் சுவிட்சை அணைத்தார்.

"பிள்ளைகளைப் பொசுக்குததுக்கா வே பள்ளிக்கூடம் நடத்துதீரு?"

மைதானம் வரை கேட்டது. நான் எட்டாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன், எனக்கே கேட்டது. இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் சரிங்க சார் என்பதைத் தவிர வேறு பேசாத குரல் அது. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

தாளாளர் என்ன செய்தார்? ஃபியூஸ் கட்டையைப் பிரித்துப் பார்த்தாரா? ஒயரை மாற்றினாரா? பெற்றோர்களிடம், சாருக்கு ரத்த அழுத்தம், பாவம் என்றார். மறுநாள் பிள்ளைகளை அதே வகுப்பில் உட்கார வைத்தார். பழுப்பாகிப்போன சுவர் தெரியாமல் இருக்க, சுத்தம் சோறு போடுவதைப் பற்றி ஒரு சார்ட் எழுதி ஒட்டச் சொன்னார். அந்தச் சார்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் கிழித்துப்போட வேண்டும் போல எனக்குக் கை பரபரக்கும். வெயிலுமுத்து சாருக்கு மட்டும் தனியாகச் சொன்னார்: திங்கட்கிழமை பிரேயரில், பிள்ளைகள் எல்லார் முன்னாலும், மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் செவ்வாய்க்கிழமை வர வேண்டாம்.

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு வரலாற்று வாத்தியாரை எவன் வேலைக்கு எடுப்பான்? வீட்டம்மா அழுததாக வெயிலுமுத்து சார் சொன்னார். சின்ன வயதில் அம்மா அழுதாள், இப்போது இவள் அழுகிறாள், எல்லாம் இந்தப் பாழாய்ப்போன கோபத்தால்தான் என்றார். என்னிடம் வந்து, நல்ல தமிழில் நாலு வரி மன்னிப்பு சொல்லித் தாருங்கள் டீச்சர் என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுண்ணாம்புக்கட்டி கையில் நொறுங்கியது. ஆனாலும் சொல்லித் தந்தேன். போகப்போவது அவர் வேலை, என் ரோஷம் இல்லை. அவர் அதைச் சின்னப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகு ஜெசிந்தாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். செல்லும் ஒயரும் எதுவும் மேஜையில் இல்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். இது பாடம் இல்ல."

"கேளுங்க சார்."

"கோவம் வராம எப்படி இருக்கது?"

ஜெசிந்தா கிளம்புவதற்காகக் கையில் எடுத்த டிபன் பையைக் கீழே வைத்தார்.

சார் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். தன் தப்புதான் என்றார். நிதானமாகச் சொல்லியிருந்தால் தாளாளர் கேட்டிருப்பார் என்றார். இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஜெசிந்தாவின் குரல் உயர்ந்து கேட்டதில்லை, அந்த வித்தையைத்தான் முதலில் கற்றிருக்க வேண்டும் என்றார்.

"நீங்களா இருந்தா பதவிசாச் சொல்லியிருப்பீங்க மிஸ்."

"சொன்னேன் சார்."

சார் நிமிர்ந்தார்.

"எப்போ?"

"கம்பியை மாத்தின அன்னைக்கே. அடுத்த வாரம் இன்னொரு தடவை."

"என்ன சொன்னாரு?"

"உட்காருங்க மிஸ், காபி வரச் சொல்லுதேன்னாரு."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதா, உட்காருவதா என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன். ஜெசிந்தாவின் முகத்தில் எப்போதும் போல ஒன்றும் இல்லை. ஆனால் டிபன் பையின் காதை அவர் விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

"திங்கக்கிழமை மன்னிப்புக் கேக்கப் போறீங்களா சார்?"

"வேற வழி?"

"அங்கேயே சொல்லுதேன்."

திங்கட்கிழமை வந்தது. வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்றார்கள். ஏழு பி-யின் ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து மேடையில் மைக் போட்டிருந்தார்கள். தாளாளர் அறை ஏசி அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே மேடையில் நிற்கிறார், அறைக்குள் ஒரு ஈ காக்கை இல்லை, ஏசி ஓடுகிறது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வாழ்த்துப் பாட்டு முடிந்தது. செய்தி வாசித்தார்கள். வெயிலுமுத்து சார் மேடைக்குப் பக்கத்தில் சலவைச் சட்டை போட்டு நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் சொல்லித் தந்த நாலு வரி.

தாளாளர் மைக்கைப் பிடித்தார். ஒழுக்கம் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஆசிரியர்களுக்கும் ஒழுக்கம் வேண்டும் என்றார். அப்போது ஆசிரியர் வரிசையிலிருந்து ஜெசிந்தா விலகி நடப்பதைப் பார்த்தேன். வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. பழைய கட்டடத்தின் வராண்டாவில் ஏறினார். மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். பிறகு ஃபியூஸ் பலகைக்குக் கையை நீட்டினார்.

"இப்ப நம்ம வெயிலுமுத்து சார் உங்க எல்லார்கிட்டயும்..."

மைக் செத்துப்போனது. ஏசியும் நின்றது. கரண்ட் போனால் பிள்ளைகள் எப்போதும் போடுகிற ஹோ என்ற சத்தத்தைப் போட்டார்கள்.

தாளாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். டிரைவர் வராண்டாவுக்கு ஓடினார். தாளாளர் சத்தமாகவே பேச ஆரம்பித்தார். மைக் இல்லாவிட்டால் என்ன, சாருக்கு மைக்கே தேவையில்லையே, அன்றைக்கு ஊரே கேட்டதே என்றார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். சாரின் காது சிவந்தது. ஏழு பி வரிசையில் ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை. முப்புடாதி தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தாளாளருக்கு அது போதவில்லை. இனிமேல் ஏழு பி சயின்ஸை ஜெசிந்தா மிஸ் எடுப்பார்கள் என்று அறிவித்தார். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள், ஒரு நாள் குரலை உயர்த்தியிருப்பார்களா, ஒரு நாள் முகத்தைச் சுளித்திருப்பார்களா என்று கேட்டார்.

"அந்த மாதிரி ஆளுதான் பிள்ளைகளுக்கு வேணும். அவங்களுக்குக் கோபமே வராது."

ஜெசிந்தா அதற்குள் மேடைக்கு வந்திருந்தார். டிரைவர் வெறுங்கையோடு பின்னால் ஓடி வந்தார். நான் முதல் வரிசையில் நின்றேன். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருடைய கை அப்படி இறுக மூடியிருந்து நான் பார்த்ததில்லை. பயத்தில் இல்லை. பயந்த கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் உள்ளங்கையை விரித்துத் தாளாளரின் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளைப் பீங்கான் கட்டை. நடுவில் பருத்த செம்புக் கம்பி, முறுக்கு அவிழாமல், பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றி இருந்த பீங்கான் கருகியிருந்தது.

"இதுக்கும்தான் கோபமே வராது, சார்."

குரல் உயரவில்லை. ஆனால் ஏழு பி வரிசை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அது என்ன கட்டை, என்ன கம்பி என்று வெயிலுமுத்து சார் சொல்லிக்கொடுத்திருந்தார். முப்புடாதி தலையைத் தூக்கிப் பார்த்தது. வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து, அடுத்த வரிசைக்குப் போயிற்று.

தாளாளருக்குப் புரியவில்லை. இது என்ன மிஸ், இதையெல்லாம் எதற்குப் பிடுங்கினீர்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று டிரைவரிடம் கொடுக்கச் சொன்னார். ஜெசிந்தா கொடுக்கவில்லை. கட்டையை வெயிலுமுத்து சாரின் கையில் வைத்தார். சுட்ட விரல் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையால் அவர் அதை வாங்கிக்கொண்டார்.

தாளாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"ம். நேரமாகுது. நீங்க சொல்லுங்க சார்."

பள்ளிக்கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. நாலு வரியும் அவருக்கு மனப்பாடம், எனக்குத் தெரியும். சார் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடித்தார்கள். வெயில் ஏறியது. தாளாளர் இன்னொரு தடவை கேட்டார்.

மைதானம் அதிரக் கத்துகிற அந்த மனிதர் வாயைத் திறக்கவே இல்லை.